தலைப்பொங்கலுக்கு மாமனார் ஊர்: முயல் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், எங்களுக்கு மீன் போதும்!

குடியாத்தத்துப் பெண்:
கல்யாணமாகி வருகிற முதல் பொங்கல். நாங்கள் இருப்பது பெங்களூரில். என் ஊர், குடியாத்தத்திலிருந்து மோர்தானா போகிற வழியில். அவருக்குத் தூத்துக்குடி. கடலில் பிடிக்காத எதையும் மீன் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார், ஆனால் தூண்டில் பைத்தியம். புது ராடும் ரீலும் வாங்கி சோபாவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார். காணும் பொங்கலன்று ஏரிக்குப் போயே ஆக வேண்டுமாம்.

அதில் எனக்குச் சந்தோஷம்தான். சிக்கல் என் சித்தப்பாவிடம். போன் போட்டால் ஒரே பேச்சு: "மாப்ள மொத மொத வூட்டுக்கு வராரு, மொசக்கறி போடாம அனுப்பினா ஊர்ல இன்னா பேசுவாங்க?" ராத்திரியில் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு மலையடிவாரம் போவது அவருக்கு வெகுகாலப் பழக்கம். பரணில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதப் போவதில்லை. இவரோ, "நானும் வாரேன் மாமா" என்று குதிக்கிறார்.

சித்தப்பா மனசு கோணாமல் இதை எப்படித் தட்டிக் கழிப்பது? அப்புறம், அம்மா, அத்தை, தம்பி, வாண்டுகள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு மீன் பிடிக்க எங்கே போகலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூண்டில் துரை:
வேட்டையை வேறு யாராவது பேசட்டும், நான் மீனோடு நின்றுகொள்கிறேன்.

மோர்தானா அணையில் தாராளமாகத் தூண்டில் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிக் கிளம்பாதீர்கள். ஏரியோ அணையோ, மீனுக்குக் குத்தகை இருக்கும். ஊர் ஏரி என்றாலும் இந்த வருஷம் ஏலம் எடுத்தவர் யார் என்று விசாரித்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பிடித்ததை எடை போட்டுக் காசு கொடுத்தால் அவர்களே நல்ல இடத்தைக் காட்டுவார்கள். சொல்லாமல் போட்டால் மீன் திருட்டு என்று சண்டைதான், அதுவும் புது மாப்பிள்ளை முன்னால்.

தை பிறக்கும்போது ஏரி நிறைந்திருக்கும், தண்ணீரும் தெளிந்துவிடும். தெளிந்த தண்ணீரில் மீன் ஆளைப் பார்த்து விலகும். அதனால் விடிந்து வெயில் ஏறுவதற்குள் ஒரு ஆட்டம், சாயங்காலம் ஒரு ஆட்டம். நடுப்பகலில் வாண்டுகளுக்கு ஜிலேபி மீன் போதும். மண்புழுவைக் கிள்ளி சின்ன முள்ளில் கோத்துக் கொடுத்தால் அவர்கள் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த ஜிலேபி நம்ம ஊர் மீனே இல்லை, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும் சாதி, அதனால்தான் எந்தக் குட்டையில் விட்டாலும் பெருகிவிடுகிறது. எவ்வளவு பிடித்தாலும் பாவமில்லை.

ரோகு, மிர்காலுக்கு மைதாவும் தவிடும் பிசைந்த உருண்டை, அதில் ஒரு பல் பூண்டைத் தட்டிப் போடுங்கள். கெளுத்திக்குக் கோழிக்குடல், இருட்டிய பிறகு. தக்கை கடையில் வாங்க வேண்டாம், பழைய ரப்பர் செருப்பில் சுண்டுவிரல் அளவு வெட்டிக்கொண்டால் ஆயிற்று.

விரால் வேண்டுமென்றால் ஏரிக்குள் நிற்கிற கருவேல மரங்களைப் பாருங்கள். விரால் மூச்சு வாங்க மேலே வந்தே தீரும். 'களக்' என்று ஒரு சத்தம், ஒரு வளையம். அதற்கு இரண்டு முழம் தள்ளி ரப்பர் தவளையைப் போட்டு, இலை மேல் ஏற்றி இறக்கி மெதுவாக இழுத்து வாருங்கள். அடித்த உடனே சுண்டினால் வாயிலிருந்து தவளை மட்டும் பறந்து வரும். ஒரு மூச்சு பொறுத்து இழுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் செக்கச்செவேலென்று பொடிக்குஞ்சுகள் ஒரே இடத்தில் கொப்பளிக்கும், அடியில் பெரியது காவல் நிற்கும். அதைப் பிடிப்பது ரொம்பச் சுலபம், அதனாலேயே பிடிக்கக் கூடாது. காவல் போனால் அன்றைக்கே மொத்தக் குஞ்சும் மற்ற மீனுக்கு இரை. தையில் அநேகமாக அது கண்ணில் படாது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற வனவர்:
தங்கச்சி, உன் வீட்டுக்காரரிடம் இதை அப்படியே படித்துக் காட்டு.

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் சுட்டுக் கொல்வது மட்டுமில்லை. கண்ணி வைப்பது, வலை கட்டுவது, விரட்டுவது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். கையில் முயல் இல்லை, சும்மா டார்ச் அடித்துக்கொண்டு போனோம் என்கிற பேச்செல்லாம் எடுபடாது. முயல், காடை, கவுதாரி எதற்கும் விலக்கு கிடையாது. மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உடும்பில் கை வைத்தால் முதல் அட்டவணை: குறைந்தது மூன்று வருஷம், ஏழு வரை போகும். அபராதம் இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாது. போன வண்டியும் போய்விடும். காப்புக்காட்டுக்குள் துப்பாக்கியோடு கால் வைத்தால் அது தனி வழக்கு, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டத்தில் இன்னொன்று.

'பிடிபட்டால் ஏதாவது கட்டிவிட்டு வந்துவிடலாம்' என்று ஊரில் சொல்வார்கள். சின்னக் குற்றங்களுக்குத் தொகை கட்டி முடிக்க வழி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. முன்பு அதன் உச்சவரம்பு இருபத்தைந்தாயிரம். 2022-ல் சட்டத்தைத் திருத்தியபோது ஐந்து லட்சமாக்கிவிட்டார்கள். தலைப்பொங்கல் சீரைவிடப் பெரிய தொகை.

நான் வேலையில் இருந்தபோது கடைசி வருஷங்களில் எங்களுக்குத் துப்பு கொடுத்ததெல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான். முயலைக் காதைப் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் புது மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு நிற்பார்.

இன்னொன்று, அது யானை வருகிற பக்கம். ஆந்திராவின் கௌண்டன்யா காட்டிலிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டு நிலங்களுக்கு இறங்குகின்றன. ராத்திரியில் அந்த அடிவாரத்தில் உங்களுக்கு வேலை இல்லை.

மல்லாட்டைக் காடு:
வனவர் ஐயா சட்டம் நன்றாகச் சொன்னார். ஒடுகத்தூர் பக்கம் என் நிலத்துக்கு வந்து இதையே காட்டுப்பன்றியிடம் சொல்லச் சொல்லுங்கள். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய் பிடிக்கிற நேரத்தில் ஒரே ராத்திரியில் கால் ஏக்கரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகிறது. நாங்கள் வேட்டைக்காரர்கள் இல்லை, ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் வைத்துப் பேசுகிறீர்கள்.

ஓய்வுபெற்ற வனவர்:
உங்கள் கோபம் நியாயம். அதனால்தான் 2025 ஜனவரியில் அரசு ஆணை வந்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறை ஆட்களே சுடலாம். கவனியுங்கள், வனத்துறை ஆட்கள். நிலத்துக்காரரோ அவர் மச்சானோ இல்லை.

மல்லாட்டைக் காடு:
என் நிலம் காட்டிலிருந்து கூப்பிடு தூரம். அப்போ எனக்கு ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?

ஓய்வுபெற்ற வனவர்:
பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு, மனு கொடுங்கள். போதாது என்பீர்கள், நானும் போதாது என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்காகக் கரண்ட் கம்பி இழுக்காதீர்கள், தீனிக்குள் வெடி வைக்கிற அவுட்டுக்காய் வைக்காதீர்கள். அவுட்டுக்காயைக் கடித்த பசுமாட்டை நான் பார்த்திருக்கிறேன். தாடையே இல்லை. தண்ணீர்த் தொட்டி முன்னால் நின்றுகொண்டு குடிக்கத் தெரியாமல் முகத்தை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தது.

ஆற்காட்டான்:
இழை எங்கேயோ போய்விட்டது, நானும் என் பங்குக்குக் கொஞ்சம் இழுக்கிறேன்.

வேட்டை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. பழைய வட ஆற்காட்டில், செங்கம் பக்கத்தில், எத்தனை நடுகல். பெரும்பாலும் மாட்டு மந்தையைக் கவரவும் மீட்கவும் நடந்த சண்டையில் செத்தவர்களுக்கு. புலியோடு மோதி இறந்தவனுக்குக் கல் நட்ட வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. ஆனால் பாருங்கள், அங்கே கும்பிடுவது எதிர்த்து நின்று செத்தவனை. டார்ச் வெளிச்சத்தில் கண் கூசி நிற்கிற முயலைச் சுட்டவனுக்கு எந்த ஊரிலும் கல் கிடையாது. சாமிகூட வேட்டைக்குப் போகும்: பொங்கல் சமயத்தில் காஞ்சி வரதர் பாலாற்றங்கரைப் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுவார். அங்கே ஊரே கூடுகிறது, தளிகை நடக்கிறது, எதுவும் சாவதில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. நரிக்குறவர்களுக்கு வேட்டைதான் பிழைப்பாக இருந்தது. சட்டம் வந்ததும் துப்பாக்கியை வைத்துவிட்டு ஊசி, பாசிமணி விற்கப் போனார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது. அவர்கள் ஒரு கவுதாரியோடு பிடிபட்டால் செய்தி. நகரத்திலிருந்து வருகிற மாப்பிள்ளை செய்தால் சாகசம். இது என்ன கணக்கு?

முத்துநகர் மாப்பிள்ளை:
ஐயா, அந்த மாப்பிள்ளை நான்தான். வீட்டுக்காரி இழையை அனுப்பி வைத்தாள். வனவர் ஐயா எழுதியதைப் படித்த பிறகு முயல் ஆசை போய்விட்டது. துப்பாக்கியை நான் கையால் தொட்டதே இல்லை, மாமா கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூச்சம், அவ்வளவுதான்.

ஆனால் மீன் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஏரி மீனில் சேற்று வாடை அடிக்கும். சீலா, ஊளி, பாறை இழுத்த கை இது. ஜிலேபிக்கு ரீல் எதற்கு?

தூண்டில் துரை:
வாங்க மச்சான். ஒரு கிலோ விரால் கருவேல வேரைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது சீலாவை நினைத்துக்கொள்ளுங்கள். கடலில் சிக்கறுக்க இடம் உண்டு, ஏரியில் கிடையாது. தங்கூசி நரம்பு (தூண்டில் நூல்) கொஞ்சம் தடிமனாகவே கொண்டு வாருங்கள். அப்புறம் கெளுத்தியை வெறும் கையால் பிடிக்காதீர்கள். செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் முதுகிலும் முள் இருக்கும். குத்தினால் தாங்குகிற அளவு சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருந்தால் வலி இறங்கும்.

ராணிப்பேட்டை ரோகு:
ஏரிதான் வேண்டுமென்றால் காவேரிப்பாக்கம் போங்கள், கடல் மாதிரி இருக்கும். மாப்பிள்ளைக்கும் ஏக்கம் தீரும்.

குடியாத்தத்துப் பெண்:
அது ராணிப்பேட்டை மாவட்டமாச்சே, எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம்.

ராணிப்பேட்டை ரோகு:
2019-ல் பிரித்தார்கள், சரி. எங்கள் தாத்தாவைக் கேட்டால் இன்னமும் எல்லாமே வட ஆற்காடுதான்.

தூண்டில் துரை:
பாலாற்றில் போடலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார், எல்லோருக்குமாகப் பதில். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பாலாற்றில் மீன் என்று எல்லோருக்கும் ஒரே ஆசை. ஆனால் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்குகிற இடத்துக்குக் கீழே பிடித்ததை நான் சாப்பிட மாட்டேன். 1996-ல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவனே பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது இந்த ஆற்றை வைத்துத்தான். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி இதே விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நடுவில் எவ்வளவு சரியாகியிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு. முழங்கால் ஆழம் என்று இறங்கினால் அடுத்த அடியில் ஆள் முழுகும். வாண்டுகளோடு ஆறு வேண்டாம்.

அடுப்படி அத்தை:
சித்தப்பாவை எப்படிச் சமாளிப்பது என்று பிள்ளை கேட்டது, அதற்கு யாரும் பதில் சொல்லக் காணோம். ஆம்பிளைகள் எல்லோரும் சட்டத்திலும் தூண்டிலிலும் இறங்கிவிட்டீர்கள்.

மறுப்பு மாப்பிள்ளை வாயிலிருந்து வரக்கூடாதும்மா. அது மரியாதைக் குறைச்சல் ஆகிவிடும். உன் அம்மா சொல்லட்டும்.

வேலூர் வாசு:
தைப்பூசத்துக்கு மாலை போட்டிருக்கிறார் என்று சொல்லிவிடலாமே?

அடுப்படி அத்தை:
அப்புறம் விராலை யார் சாப்பிடுவது, நீயா?

நான் சொல்ல வந்தது, உன் சித்தப்பாவுக்கு வேண்டியது முயல் இல்லை. மாப்பிள்ளைக்குத் தன் கையால் ஒன்றைப் பிடித்துப் போட்டேன் என்கிற பேர். அந்தப் பேரை வேறு வழியில் கொடுத்துவிடு. குத்தகைக்காரரிடம் பேசுவது, இடம் பார்ப்பது, யார் எங்கே உட்கார வேண்டும் என்பது எல்லாம் அவர் பொறுப்பு என்று இப்போதே போனில் சொல்லிவிடு. "சித்தப்பா, நீ இல்லைன்னா ஏரிப் பக்கமே போக மாட்டோம்" என்று ஒரு வார்த்தை போடு.

மாப்பிள்ளை சொல்கிற சேற்று வாடைக்கும் மருந்து இருக்கிறது. விராலைக் கல் உப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டுச் சொரசொரப்பான கல்லில் தேய்த்துக்கொண்டே இரு. வழவழப்பு போய்த் தோல் வெளுத்து, கையில் பிடித்தால் நழுவாமல் நிற்க வேண்டும். அதுவரை விடாதே. கடைசியாகப் புளித்தண்ணீரில் ஒரு அலசு. குழம்பில் இலவம்பாடி முள் கத்திரிக்காய் இரண்டு போடு, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். குழம்பை முதல் நாள் ராத்திரியே வைத்துவிட வேண்டும், மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றினால்தான் அதன் அருமை தெரியும்.

குடியாத்தத்துப் பெண்:
பொங்கல் முடிந்து பெங்களூர் வந்துவிட்டோம். என்ன ஆச்சு என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள்.

அடுப்படி அத்தை சொன்னபடியே பொறுப்பைச் சித்தப்பா தலையில் கட்டினேன். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் முயல் பேச்சு திரும்பவும் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்தே, "இவளுக்கு அடுத்து இன்னொருத்தி வூட்ல கீறா, மாமனாரு மாப்ள ரெண்டு பேரும் கேஸ்ல மாட்டிகினா அவளை எவன் கட்டுவான்?" என்று ஒரு போடு போட்டார். சித்தப்பா முகம் சுண்டிவிட்டது. சாப்பிடாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். இவர் பின்னாலேயே போய், "மாமா, காலைல எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டதும்தான் கொஞ்சம் இறங்கினார்.

இருட்டோடு எழுப்பிவிட்டார். நேராகத் தூண்டில் போட விடவில்லை. ஏரியின் மேல்கோடியில், தண்ணீர் வற்றின ஈரத்தில், எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பனைமரத்தில் என் இடுப்பு உயரத்துக்குக் காய்ந்த சேறு அப்பியிருந்தது. பன்றி சேற்றில் புரண்டு வந்து உடம்பைத் தேய்த்த இடமாம். சேற்றில் ஒட்டியிருந்த ஒரு மயிரைப் பிடுங்கி இவர் உள்ளங்கையில் வைத்தார். நுனி இரண்டாகப் பிளந்து, தென்னந்துடைப்பக் குச்சி போல விறைப்பாக இருந்தது. கொஞ்சம் தள்ளி முள்ளம்பன்றி முள் ஒன்று. கோரைப்புல்லுக்குள் உள்ளங்கை அகலத்துக்குப் படிந்த ஒரு பள்ளம். அதில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு கீது. நாம வர்ற சத்தம் கேட்டுத்தான் எழுந்து போயிருக்குது" என்றார். முயல் படுத்திருந்த இடம். இவர் உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சித்தப்பாவுக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரியாது. சின்ன வயதில் எங்களுக்கு அவர் கொண்டுவந்த கறி மட்டும்தான் தெரியும்.

மீன் கதை சுருக்கமாக. குத்தகைக்காரர் சித்தப்பாவின் கூட்டாளி, பணம் வேண்டாம் என்றார், அப்பா வற்புறுத்திக் கொடுத்தார். வாண்டுகள் ஜிலேபியாகப் பிடித்துத் தள்ளினார்கள். அத்தை தேக்சாவும் அடுப்பும் கரைக்கே கொண்டுவந்துவிட்டார். இவர் ரீலைச் சுழற்றிச் சுழற்றி வீசியதில் இரண்டு ரப்பர் தவளை கருவேல மரத்துக்குக் காணிக்கை. மூன்றாவதை நான் வாங்கி வீசினேன். தூண்டில் துரை சொன்ன அந்தக் 'களக்' கேட்டது, அடித்தது, பொறுத்து இழுத்தேன். முழங்கை நீளம் இருக்கும். கரைக்கு வந்ததும் துள்ளிச் சேற்றில் விழுந்து திரும்ப ஓடப் பார்த்தது. அம்மா முந்தானையைப் போட்டு அமுக்கினார். புதுப்புடவை.

முத்துநகர் மாப்பிள்ளை:
ராடு என்னுடையது என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அடுப்படி அத்தை:
சேற்று வாடை அடித்ததா மாப்பிள்ளை?

முத்துநகர் மாப்பிள்ளை:
மறுநாள் இட்லிக்கு அடிக்கவில்லை அத்தை. முதல் நாள் லேசாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஓய்வுபெற்ற வனவர்:
சித்தப்பாவைப் போல மண்ணைப் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் துறைக்கே குறைவு. அவரைக் கேட்டதாகச் சொல். பரணில் இருப்பதைப் பற்றி நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாததை ஒப்படைத்துவிடச் சொல்லி அவ்வப்போது தண்டோரா போடுகிறார்கள், அப்போது அவராகவே ஊர்ப் பெரியவர்களோடு போய்க் கொடுத்துவிடுவது நல்லது. பிடிபட்ட பிறகு கொடுத்தால் அதற்கு அர்த்தமே வேறு.

குடியாத்தத்துப் பெண்:
அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன் ஐயா. அவர் பார்த்துக்கொள்வார்.

மல்லாட்டைக் காடு:
பன்றி உரசின மரம் எந்த ஏரிப் பக்கம்? எத்தனை மயிர் இருந்தது, கூட்டமா, ஒத்தையா? சித்தப்பாவைக் கேட்டுச் சொல்லம்மா, இங்கே அறுப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது.

குடியாத்தத்துப் பெண்:
ஒத்தைக் கிடா என்றுதான் சொன்னார். உங்கள் பக்கத்துக்கும் எங்கள் ஏரிக்கும் ரொம்ப தூரம், இது வேறாக இருக்கும். வேண்டுமானால் அவர் நம்பர் தனிச்செய்தியில் தருகிறேன். ராத்திரிக் காவலுக்கு அவருக்குச் சில உபாயம் தெரியும், எல்லாம் சத்தம் போடுகிற வகைதான்.

ராணிப்பேட்டை ரோகு:
அடுத்த ஞாயிறு காவேரிப்பாக்கம் யார் வருகிறீர்கள்? குத்தகைக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தூண்டில் துரை:
நான் ரெடி.

வேலூர் வாசு:
ஞாயிறு முடியாது, ஊரில் மாடு விடும் விழா. அதற்கடுத்த வாரம் வையுங்கள்.